திரைப்படப் பாட்டுப் புத்தகம்

திரைப்படப் பாட்டுப் புத்தகம் என்பது படம் ஓடும் நாட்களில் திரையரங்கு வாசலிலும் இடைவேளையில் அரங்கின் உள்ளேயும் விற்கப்பட்ட சிறு வெளியீடு ஆகும். நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் ஆகியோரின் பட்டியல், கதைச் சுருக்கம், பாடல்களின் முழு வரிகள் ஆகியவை இதில் இருக்கும். தமிழ்ப் பேசும்படம் தோன்றிய 1930களில் தொடங்கி 1980களின் இறுதிவரை வழக்கில் இருந்தது. பிறகு மெல்லக் குறைந்து, இன்று அறவே நின்றுவிட்டது. பேச்சு வழக்கில் இதைப் 'பாட்டுப் புஸ்தகம்' என்றே சொல்வார்கள். தெலுங்கு, மலையாளம், இந்திப் படங்களுக்கும் இவை வெளிவந்தன.

அளவில் உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது, மலிவான தாள், நடுவில் ஒன்றோ இரண்டோ கம்பித் தையல். படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்காகவே அச்சிட்டது போலத்தான் இருக்கும். ஆனால் தொடக்ககாலத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் படச்சுருள் அழிந்துபோய்விட்ட நிலையில், அந்தப் படங்களைப் பற்றி நம்மிடம் மிஞ்சியுள்ள மிக விரிவான ஆவணம் பல சமயம் இந்தக் காலணா, அரையணாச் சமாசாரம்தான்.

தோற்றம்

பாட்டை மட்டும் தனியே அச்சிட்டு மலிவு விலையில் விற்கும் வழக்கம் சினிமாவுக்கு முந்தியது. சென்னை பார்க் டவுன் பகுதியில் இருந்த குஜிலிக் கடைத்தெருவில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சிறு சிறு பாட்டுப் புத்தகங்கள் கட்டுக் கட்டாக விற்றன. கொலை, ரயில் விபத்து, புயல் வெள்ளம், பஞ்சம், தலைவர்களின் மரணம் எனச் செய்தி எதுவாயினும் அது சில நாளில் சிந்தாகவோ கும்மியாகவோ அச்சேறிவிடும். இவற்றைப் பற்றி ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய 'முச்சந்தி இலக்கியம்' (2004) என்ற நூல் விரிவாகப் பேசுகிறது.

அடுத்த படி நாடகம். தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்கள் பாட்டாலேயே நடப்பவை. இசை நாடகம் பார்க்க வந்தவர்கள் பாட்டைக் கேட்கவே வந்தார்கள். இலஞ்சியில் இருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள செங்கோட்டைக்காரர் எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933). அவர் மேடையில் பாடியதைக் கேட்டவர்கள் அந்த வரிகளை ஊர் திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அப்படிப் பாட வேண்டுமானால் வரி கையில் இருக்க வேண்டும் அல்லவா? நாடகப் பாட்டுப் புத்தகம் அந்தத் தேவையில் பிறந்தது. கிட்டப்பா ஒரு படத்திலும் நடிக்காமலே தமது 27ஆம் வயதில் மறைந்தார். அவர் இருந்த மேடை அப்படியே திரைக்கு நகர்ந்தபோது, பாட்டுப் புத்தகமும் கூடவே நகர்ந்தது.

முதல் தமிழ்ப் பேசும்படமாகக் கருதப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கிய அப்படத்தின் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி, நாடக மேடையில் இருந்து வந்தவர். அடுத்த சில ஆண்டுகளில் வந்தவை பெரும்பாலும் ஏற்கெனவே மேடையில் வெற்றி கண்ட புராண நாடகங்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரின் முதல் படமான 'பவளக்கொடி'யில் (1934) ஐம்பது பாடல்கள் இருந்தன என்பர். ஐம்பது பாடலையும் ஒரே மூச்சில் கேட்டு மனத்தில் நிறுத்த யாராலும் ஆகாது. ஒலிப்பதிவும் கொட்டகையின் ஒலிபெருக்கியும் இன்றுபோலத் தெளிவாக இல்லாத காலம் அது. பாட்டு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளவே புத்தகம் வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் ஒரு சிறு திருத்தம். அக்காலப் பாட்டுப் புத்தகங்களில் பாடலாசிரியராக அடிக்கடி வரும் பெயர் பாபநாசம் சிவன். நம் தாமிரபரணிக் கரைப் பாபநாசத்துக்காரர் என்று எங்கள் பக்கத்தில் பலர் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவருக்குப் பெயர் தந்தது தஞ்சை மாவட்டத்துப் பாபநாசம்.

புத்தகத்தின் அமைப்பு

மேலட்டையில் படத்தின் பெயர், நிறுவனத்தின் பெயர், கதாநாயகன் கதாநாயகியின் படம். உள்ளே முதலில் நடிகர் பட்டியல். எதிரே அவரவர் ஏற்ற வேடம். 1930களின் புத்தகங்களில் நடிகர் பெயருக்கு முன் ஸ்ரீமான், ஸ்ரீமதி, மிஸ் போன்ற அடைகள் வரும். அடுத்து ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, கலை, ஒப்பனை, நடனம் எனத் தொழில்நுட்பக் கலைஞர்களின் பட்டியல்.

அதன்பின் கதைச் சுருக்கம். இது ஒரு தனி இலக்கிய வகை என்றே சொல்லலாம். முக்கால் கதையை மளமளவென்று சொல்லிக்கொண்டு போய், கதாநாயகி வில்லனிடம் சிக்கிய இடத்திலோ, கதாநாயகன் சிறை சென்ற இடத்திலோ நிறுத்தி, அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கும். அவள் தப்பினாளா? அவன் குற்றமற்றவன் என்பது தெரிந்ததா? பிரிந்தவர் கூடினரா? கடைசியில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியும். படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது வாங்கியவருக்கும் இதே வாசகம்தான். சில புத்தகங்களில் கதைச் சுருக்கம் ஆங்கிலத்திலும் இருக்கும்.

பிறகு பாடல்கள். தொடக்ககாலப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே இராகமும் தாளமும், பாடுபவர் எந்தப் பாத்திரம் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பிரித்திருப்பார்கள். நடிப்பவரே பாடிய காலமாதலால் தனியே பாடகர் பெயர் தேவைப்படவில்லை. 'நந்தகுமார்' (1938) படத்தில் பின்னணிப் பாடல் முறை வந்து, 1940களின் பிற்பகுதியில் அது பரவியபின் பாடகர் பெயர்களும் இடம் பிடித்தன. 1950களுக்குப் பின் இராகம், தாளக் குறிப்புகள் மெல்ல மறைந்தன. தமிழ்த் திரைப்பாட்டு கர்நாடக இசையிலிருந்து எப்போது, எவ்வளவு விலகியது என்பதை அறிய, ஆண்டுவாரியாக இருபது பாட்டுப் புத்தகங்களை அடுக்கிப் பார்த்தால் போதும்.

பின்னட்டை விளம்பரத்துக்கு. பெரும்பாலும் அதே நிறுவனத்தின் அடுத்த படத்தைப் பற்றியது. அறிவிக்கப்பட்டு, வெளிவராமலே போன படங்களின் பெயர்கள் இப்படித்தான் நமக்குக் கிடைக்கின்றன.

அச்சுப் பிழைகளைப் பற்றி ஒரு தமிழாசிரியன் சொல்லாமல் இருக்க முடியாது. ல, ள, ழ மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் மாறி நிற்கும். ஒற்று மிகும் இடத்தில் மிகாது, மிகாத இடத்தில் மிகும். படம் வெளியாகும் நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எழுத்துக் கோத்தவர்களின் வேலை அது. குறை சொல்வதற்கில்லை.

கொட்டகை வாசலில்

புத்தகத்தைப் படத் தயாரிப்பாளரோ விநியோகஸ்தரோ அச்சிட்டு, படம் ஓடும் ஊர்களுக்கு அனுப்புவது வழக்கம். பிற்காலத்தில் தனிப் பதிப்பாளர்கள் பலர் இதையே தொழிலாகக் கொண்டனர். நான் சிறுவனாக இருந்தபோது இலஞ்சியில் இருந்து தென்காசிக்கு நடந்தோ சைக்கிளிலோ படத்துக்குப் போவோம். இடைவேளை மணி அடித்ததும் முறுக்குத் தட்டு ஒரு பக்கமும் பாட்டுப் புத்தகக் கட்டு மறு பக்கமுமாக வரிசைக்குள் வருவார்கள். கையில் இருப்பது பத்துப் பைசா என்றால் இரண்டில் ஒன்றுதான். நான் பெரும்பாலும் முறுக்கு வாங்கினேன். என் அக்காள் புத்தகம் வாங்குவாள். அவள் வாங்கிய புத்தகம் தெருவில் ஐந்தாறு வீடு சுற்றி, மூலை மடங்கித் திரும்பி வரும்.

எங்கள் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். செய்தித்தாளை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் பாட்டுப் புத்தகத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பார். மெட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால், அடுத்து வரும் சொல் எது என்று கண் பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். தெரிந்த சொல்லை எழுத்தில் அடையாளம் காண்பதுதானே வாசிப்பின் முதற்படி? பி.எட். வகுப்பில் இதை ஒரு முறையாகச் சொல்லித் தந்தபோது எனக்கு அம்மாவின் நினைவுதான் வந்தது. தென் மாவட்டங்களில் பள்ளிக்கு அதிகம் போகாத பெண்கள் எத்தனை பேர் இவ்வாறு வாசிக்கப் பழகினார்கள் என்பதற்குக் கணக்கு ஏதும் கிடையாது. ஆனால் அந்த வயதில் உள்ள பெண்களை விசாரித்தால், வீட்டுக்கு ஒருவராவது இதைச் சொல்வார்கள்.

வானொலியும் இதற்குத் துணை நின்றது. 1952இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்த, நேயர்கள் இலங்கை வானொலிக்குப் போனார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கியபின்னும் எங்கள் பக்கத்தில் இலங்கை வானொலியின் செல்வாக்குக் குறையவில்லை. காலையில் வானொலியில் பாட்டு வரும். கையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கூடவே பாடுவார்கள். பாட்டை விரும்பியபோது கேட்க முடியாது, அது வரும்போதுதான் கேட்க முடியும் என்றிருந்த காலத்தில், வீட்டில் நிரந்தரமாக இருந்தது வரி மட்டுமே.

படத்தில் பாட்டே இல்லையென்றால்? வீணை எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வந்த 'அந்த நாள்' பாடல் இல்லாத முதல் தமிழ்ப் படம். வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றவருக்கு அது எத்தகைய சோதனையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

வரலாற்றுச் சான்றாக

'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. 1930களில் வந்த தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் கதியும் இதுவே. அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றாவிட்டாலும் வெப்பத்தில் தானே சிதையும். ஓடி முடிந்த படத்தின் சுருளில் இருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றுவிடுவதும் உண்டு. ஆகவே, அழிந்த படத்தின் கதை என்ன, யார் யார் நடித்தார்கள், எத்தனை பாட்டு, எந்த இராகம் என்று கேட்டால், விடை தேட வேண்டிய இடங்கள் மூன்று: அக்காலப் பத்திரிகைகள், இசைத்தட்டுகள், பாட்டுப் புத்தகம். பத்திரிகை விமர்சனம் எல்லாப் படத்துக்கும் வரவில்லை. இசைத்தட்டில் எல்லாப் பாட்டும் இல்லை. பாட்டுப் புத்தகத்தில் இரண்டும் உண்டு.

பாடலாசிரியரை அடையாளம் காண்பதிலும் இதன் பயன் பெரிது. பழைய இசைத்தட்டுகளில் பாடியவர் பெயர் எடுப்பாக இருக்கும். எழுதியவர் பெயர் பல சமயம் இருக்காது. ஒரே படத்துக்கு நான்கைந்து பேர் எழுதியிருந்தால், படத் தொடக்கத்தில் எல்லாப் பெயரும் ஒன்றாக வந்து போய்விடும். எந்தப் பாட்டு யாருடையது என்ற வழக்கைத் தீர்க்கப் பாடல்தோறும் பெயர் அச்சிட்ட பாட்டுப் புத்தகமே சாட்சி. இன்று இணையத்தில் புகழ்பெற்ற கவிஞர்களின் பெயரில் உலவும் பாட்டுகளில் சில, அதிகம் அறியப்படாத ஒருவர் எழுதியவையாக இருக்கும். அந்த மனிதருக்கு அவர் பாட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு வேறு வழி கிடையாது.

மூன்றாவது பயன், படத்தில் இல்லாத பாட்டு. புத்தகம் படம் முடிவடைவதற்குச் சற்று முன்பே அச்சுக்குப் போய்விடும். பிறகு நீளம் கருதியோ தணிக்கையாலோ பாட்டு வெட்டுப்படும், சொல் மாற்றப்படும். 'அன்பே வா' (1966) படப் பாடல் ஒன்றில் தி.மு.க.வின் தேர்தல் சின்னத்தை நினைவூட்டிய சொல் தணிக்கையில் மாற்றப்பட்டதும், இசைத்தட்டில் ஒரு சொல்லும் திரையில் வேறு சொல்லும் ஒலிப்பதும் பலர் அறிந்தது. அப்படத்தின் பாட்டுப் புத்தகம் கையில் கிடைப்பவர் முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

இந்தித் திரையுலகில் இதன் முழுப் பயனையும் எடுத்துக் காட்டியவர் கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் 'ஹம்ராஸ்'. 1931 முதல் வந்த இந்திப் படங்களின் பாடல்கள் அனைத்தையும் பத்தாண்டுக்கு ஒரு தொகுதியாக 'ஹிந்தி ஃபிலிம் கீத் கோஷ்' என்ற பெயரில் தொகுத்தார். அவர் பெரிதும் சார்ந்திருந்தது பாட்டுப் புத்தகங்களையே. தமிழில் அந்த அளவுக்கு முழுமையான பாடல் அடைவு இன்னும் வரவில்லை. வாமனனின் 'திரை இசை அலைகள்' போன்ற நூல்கள் தனி மனிதரின் உழைப்பால் ஆனவை.

மறைவு

பாட்டுப் புத்தகத்தைக் கைப்பேசி அழித்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கைப்பேசி வந்தபோது புத்தகம் போய்ப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகியிருந்தது.

முதல் அடி ஒலிநாடா. 1980களின் தொடக்கத்தில் டேப் ரெக்கார்டர் நடுத்தர வீடுகளுக்கு வந்தது. வெற்று நாடாவையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் பதிந்து தரும் ரெக்கார்டிங் கடைகள் தென்காசி போன்ற ஊர்களிலும் பெருகின. விரும்பிய பாட்டை விரும்பிய நேரம் கேட்கலாம், நிறுத்தி நிறுத்தி வரியை எழுதிக்கொள்ளலாம் என்றான பிறகு, அச்சிட்ட வரியின் தேவை பாதியாகிவிட்டது. நாடாவோடு வந்த அட்டையிலேயே பாடகர், கவிஞர் பெயர்களும் இருந்தன. இரண்டாவது, தொலைக்காட்சி. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' ஓடும் நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது.

மூன்றாவது காரணத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் அதுவே முக்கியமானது என்பது என் கருத்து. படம் வெளியாகும் முறை மாறியது. முன்பெல்லாம் சில படிகளே எடுக்கப்பட்டு, பெரு நகரங்களில் நூறு நாள் ஓடி, பிறகு எங்களைப் போன்ற ஊர்களுக்கு வந்து, கடைசியாக டூரிங் கொட்டகைக்குப் போகும். ஒரு படத்தின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டு. அச்சிட்ட புத்தகம் அத்தனை காலமும் விற்றுக்கொண்டிருக்கும். 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' போன்ற படத்துக்குப் புத்தகம் விற்றவரின் வருமானத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். இன்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கான அரங்குகளில் வெளியாகி, இரண்டு வாரத்தில் படம் போய்விடுகிறது. எத்தனை பிரதி அச்சிடுவது, எந்த ஊருக்கு எத்தனை அனுப்புவது என்று கணக்குப் போடுவதற்குள் அடுத்த படம் வந்துவிடும். பாட்டுகளும் ஐம்பதில் இருந்து இருபதாகி, ஐந்தாறாகி, அவையும் பல படங்களில் பின்னணியில் ஒலித்து மறையும் துணுக்குகளாகிவிட்டன.

உலகின் வேறொரு மூலையிலும் இதே கதை நடந்தது. இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டம் நடக்கும் நாளில் மைதான வாசலில் ஆட்ட நிகழ்ச்சிநிரல் புத்தகம் விற்பார்கள். இரு அணி வீரர்களின் பட்டியல், பயிற்சியாளரின் சில வார்த்தைகள், விளம்பரம் என்று நம் பாட்டுப் புத்தகத்துக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாட்டால் அது ஒற்றைத் தாளாகச் சுருங்கியதும் உண்டு. வீரர் பட்டியல் கைப்பேசியிலேயே கிடைத்துவிடும் நிலையில் விற்பனை சரிந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கட்டாயம் அச்சிட வேண்டும் என்றிருந்த விதியை, ஈ.எஃப்.எல். கால்பந்து லீக்கின் சங்கங்கள் 2018இல் வாக்களித்து நீக்கிவிட்டன. ஆனால் அங்கே சேகரிப்போர் பெருங்கூட்டம். ஓல்ட் ஈட்டோனியன்ஸ், பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணிகள் மோதிய 1882ஆம் ஆண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின் நிரல் ஒன்று 2013இல் லண்டன் ஏலத்தில் 35,250 பவுண்டுக்குப் போனது. அங்கே விதியை நீக்குவதற்குக் கூட்டம் கூட்டி வாக்கெடுத்தார்கள். நம் பாட்டுப் புத்தகம் என்றைக்கு நின்றது என்று நாள் சொல்ல யாருமில்லை. ஒரு நாள் இடைவேளையில் முறுக்குத் தட்டு மட்டும் வந்தது.

சேகரித்தவர்கள்

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். கிடைத்த அச்சுத் தாளையெல்லாம் சேர்த்தார். பெருநூல்களோடு நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் எதையும் அவர் ஒதுக்கவில்லை. 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. தமிழ்த் திரைப்பட ஆய்வுக்கு வருவோர் இன்று முதலில் செல்லும் இடங்களில் அது ஒன்று.

பிலிம் நியூஸ் ஆனந்தன், 'நாடோடி மன்னன்' (1958) படத்தின் வழியாகத் தமிழ்த் திரையின் முதல் மக்கள் தொடர்பாளர் எனப் பெயர் பெற்றவர். வெளியான ஒவ்வொரு படத்தின் விவரத்தையும் பாட்டுப் புத்தகம், ஒளிப்படம், விளம்பரம் எனத் திரட்டி வைத்தார். அவரது தொகுப்பைத் தமிழக அரசு வாங்கியது. 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற அவரது பெருநூல் 2004இல் வந்தது. 2016 மார்ச் 21 அன்று காலமானார். 1964இல் புனேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் பல மொழிப் பாட்டுப் புத்தகங்கள் உள்ளன.

இவர்களைத் தவிரப் பெயர் தெரியாத பலர் ஊர் ஊராக இருக்கிறார்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு நடிகரின் தீவிர ரசிகர். அவர் படம் மட்டும் சேர்ப்பார். பாகவதர், எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களின் புத்தகங்கள் தப்பிப் பிழைத்ததற்கு இவர்களே காரணம். அதனால்தான் பெரிய நடிகர் இல்லாத, ஓடாத படங்களின் புத்தகங்கள் அரிதாகிவிட்டன. ஆய்வுக்கு வேண்டியவையோ அவைதாம்.

சேகரிக்காதவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980களின் நடுவில் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. வகுப்பில் பாடப் புத்தகத்துக்குள் பாட்டுப் புத்தகத்தை வைத்துப் படிக்கும் பையன்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. பிடித்தவற்றை மேசை இழுப்பறையில் சேர்த்து வைத்து, ஆண்டு முடிவில் சத்துணவு அடுப்புக்குக் கொடுத்துவிடுவேன். எத்தனை போயிருக்கும்? ஆண்டுக்கு முப்பது என்றாலும் ஏழெட்டு ஆண்டில் இருநூறுக்கு மேல். ஒருவன் மட்டும், "சார், அது எங்க அப்பா வச்சிருந்த பழைய புஸ்தகம், குடுத்துருங்க சார்" என்று இரண்டு நாள் பின்னாலேயே வந்தான். மேலட்டை இல்லாத, பழுப்பேறிய புத்தகம். அணாக் கணக்கில் விலை போட்டிருந்தது நினைவிருக்கிறது. படத்தின் பெயர் நினைவில்லை. கொடுக்கவில்லை.

ஓய்வு பெற்றபின் பழைய பேப்பர் கடையில் தேடத் தொடங்கினேன். கடைக்காரர் என்னிடம், "சார்வாள், இதெல்லாம் எடைக்கு வந்தா நாங்க தனியாப் பாக்கிறதில்லை, நோட்டுப் புஸ்தகத்தோட சேர்ந்து மில்லுக்குப் போயிரும்" என்றார். இப்போது அவரே எனக்காக எடுத்து வைக்கிறார். இதுவரை நாற்பத்தொன்று கிடைத்துள்ளன.

காலம் கணிக்கும் முறை

பாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. படத்தின் ஆண்டையே புத்தகத்தின் ஆண்டாகக் கொள்வதும் தவறாகலாம். வெற்றிப் படங்கள் திரும்பத் திரும்பத் திரைக்கு வரும். ஒவ்வொரு முறையும் புத்தகம் புதிதாக அச்சாகும். கையில் இருப்பது எந்த அச்சு என்று அறியச் சில அடையாளங்கள் உண்டு.

விலையைப் பார்க்கலாம். அணா என்றால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'ந.பை.' அல்லது 'நயா பைசா' என்றால் 1957 ஏப்ரலுக்கும் 1964 மே மாதத்துக்கும் இடைப்பட்டது; 1964 ஜூன் முதல் 'நயா' என்ற அடை நீக்கப்பட்டுவிட்டது. வெறும் 'பைசா' என்றால் அதற்குப் பிந்தியது. அச்சகத்தின் முகவரி அடுத்த சான்று. 'சென்னை-1' என்பது போன்ற சுருக்க எண் இருந்தால் பழையது. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது.

எழுத்தின் வடிவமும் உதவும். லை, ளை, ணை, னை ஆகிய எழுத்துகள் தும்பிக்கை போன்ற பழைய வடிவிலும், ணா, றா, னா ஆகியவை சுழித்த பழைய வடிவிலும் இருந்தால், அது 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது. ஈய எழுத்துகளை மாற்றப் பணம் செலவழிக்க விரும்பாத சிறு அச்சகங்கள் பழைய எழுத்தையே பின்னும் சில ஆண்டுகள் ஓட்டின. மறுதலையாக, சீர்திருத்த வடிவில் இருந்தால் பழைய அச்சு அல்ல என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

பாதுகாத்தல்

குற்றாலச் சாரல் உடம்புக்கு நல்லது, காகிதத்துக்கு ஆகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். பாட்டுப் புத்தகத்தின் முதல் எதிரி அதன் கம்பித் தையல். ஈரத்தில் துருப்பிடித்துத் தாளைச் சுற்றிலும் அரித்துவிடும். கம்பியை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி வைக்கலாம். கிழிசலுக்குச் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டில் பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷன் செய்வது அதைவிடக் கேடு, பிறகு பிரிக்கவே முடியாது. அமிலமற்ற தாள் உறை கிடைக்காதவர்கள், சுத்தமான வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுற்றி, படுக்கை வசமாக அடுக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை நிழலில் காற்றாட விரிக்க வேண்டும், வெயிலில் அல்ல.

படி எடுப்பவர்கள் பாடல் பக்கங்களை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். விலை, அச்சக முகவரி, பின்னட்டை விளம்பரம் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். புத்தகத்தில் யாராவது பேனாவால் எழுதியிருந்தால், எந்த ஊர்க் கொட்டகையில் என்றைக்குப் பார்த்தார் என்று குறித்திருந்தால், அதை அழிக்க வேண்டாம்.

படி எடுத்ததைப் பொதுவெளியில் இடும்போது பதிப்புரிமையைக் கவனிக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டின் முடிவில் இருந்து 60 ஆண்டுகள் அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. 1959இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் பாடல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டன. 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் வரிகளுக்கு 2033 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஒரே புத்தகத்தில் நான்கு கவிஞர்கள் எழுதியிருந்தால் நால்வருக்கும் தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டும். எழுதியவர் யாரென்றே தெரியாத பாட்டுகளை இடுவதற்கு முன், அதே படத்தின் வேறு அச்சு எங்காவது கிடைக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது. ஒரு பதிப்பில் விடுபட்ட கவிஞர் பெயர் மறு பதிப்பில் இருந்ததை நானே இரண்டு முறை கண்டிருக்கிறேன்.